இன்றிரவு மின்சாரம் போகலாம்: மொரீஷியஸ் ரோஸ்ஹில் குழு உறுப்பினர்களுக்கு

வணக்கம். மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. உச்சமான நான்காம் வகுப்பு வந்தபின் வாசலைத் தாண்டக்கூடாது. 2024 ஜனவரியில் பெலால் புயலன்று போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தது நினைவிருக்கும். கைபேசி, டார்ச் எல்லாவற்றையும் இப்போதே சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

மின்சாரம் போனபின் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் உணவு சுமார் 4 மணி நேரம் தாங்கும். “என்ன இருக்கிறது” என்று எட்டிப் பார்ப்பதற்காகத் திறக்காதீர்கள் (என் வீட்டில் இதைக் கேட்பார் இல்லை).

சாமி மாடத்து விளக்கை அணைத்துவிட்டே படுங்கள். ஜன்னல் இடுக்கில் நுழையும் காற்று திரைச்சீலையைச் சுடர்மேல் தள்ளிவிடும். ஜெனரேட்டரை வராந்தாவில்கூட ஓட்டவேண்டாம். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணமே கிடையாது.

காற்று சட்டென்று ஓய்ந்தால் அது புயலின் கண்ணாக இருக்கலாம்; எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். தனியாக இருக்கும் பெரியவர்கள் இப்போதே இங்கே ஒரு வரி எழுதுங்கள்.