படம் எடுத்தவர் பேசினாரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வாசகர்கள் அனுப்பும் புகைப்படங்களுக்கென ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டு வருகிறது. பெருநகரத் தெருக்களில் எடுக்கப்பட்ட மனித முகங்களே அதில் பெரும்பாலும் இடம்பெறுகின்றன. ஒளியும் கோணமும் நன்கு அமைந்த படங்கள் அவற்றில் பல உண்டு. ஆனால் அந்த முகத்துக்கு உரியவர் யார், தம்மை ஒருவர் படம் எடுப்பது அவருக்குத் தெரியுமா, எடுத்தவர் அவரிடம் ஒரு சொல்லாவது பேசினாரா என்ற விவரம் எந்தப் படத்தின் கீழும் இருப்பதில்லை. அதற்குப் பதிலாக ‘உழைப்பின் ரேகைகள்’, ‘காத்திருக்கும் கண்கள்’ என்பன போன்ற தலைப்புகளே காணப்படுகின்றன. எடுத்தவரின் பெயர் மட்டும் தவறாமல் அச்சாகிறது. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதம்.

தெருவில் படம் எடுப்பதையே நான் எதிர்க்கிறேன் என்று யாரும் கருத வேண்டாம். முன்பின் தெரியாத மனிதர்களை அவரவர் இருந்த இடத்தில், இருந்த கோலத்தில் பதிவு செய்தவர்கள் இல்லாவிட்டால், சென்ற நூற்றாண்டின் நகர வாழ்வு எப்படி இருந்தது என்பதை நாம் அரசு ஆவணங்களிலிருந்தும் விளம்பரங்களிலிருந்தும்தான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். ஒரு சந்தையையோ ஊர்வலத்தையோ ரயில் நிலையத்தையோ படம் எடுப்பவர், அதில் விழும் அத்தனை பேரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதும் உண்மை. கூட்டத்தை எடுப்பது வேறு. கூட்டத்திலிருந்து ஒரு முகத்தைப் பிரித்தெடுத்து அதையே படமாக்குவது வேறு. நான் சொல்வது முழுவதும் இந்த இரண்டாவது வகையைப் பற்றியதே.

‘கேட்டால் இயல்பு போய்விடும்’ என்பதுதான் படம் எடுப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். அதில் ஓரளவு நியாயம் உண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ், 1938 முதல் 1941 வரை, நியூயார்க் சுரங்க ரயிலில் கேமராவை மேல்கோட்டுக்குள் மறைத்து, லென்ஸைப் பொத்தான்களுக்கு இடையே மட்டும் எட்டிப்பார்க்க விட்டு, எதிர் இருக்கையில் அமர்ந்திருந்தவர்களை அவர்கள் அறியாமலேயே எடுத்தார். முகத்தில் எந்தப் பாவனையும் இல்லாமல், தம்மை யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை அந்தப் படங்களைப் போலக் காட்டியவை குறைவு. ஆனால் அவை நூலாக வெளிவந்தது 1966இல்தான். எடுத்த கணத்துக்கும் ஊர் பார்த்த நாளுக்கும் இடையே கால் நூற்றாண்டு கடந்திருந்தது. காரணம் எதுவாயினும், அந்த இடைவெளியே படத்திலிருந்த பலருக்கு ஒரு காப்பாக அமைந்தது.

இன்று அந்த இடைவெளி கிடையாது. எடுத்தவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்குவதற்குள் படம் ஆயிரக்கணக்கானோரின் கைப்பேசிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதைவிடக் கவலைக்குரிய மாற்றம் ஒன்றும் நிகழ்ந்திருக்கிறது. 2016இல் ரஷ்யப் புகைப்படக் கலைஞர் ஈகோர் த்ஸ்வெட்கோவ், சென்ட் பீட்டர்ஸ்பர்க் மெட்ரோவில் தம் எதிரே அமர்ந்திருந்த அறிமுகமற்ற பயணிகளைப் படம் எடுத்து, ‘ஃபைண்ட்ஃபேஸ்’ என்ற முகமறியும் செயலியில் அவற்றை இட்டுத் தேடி, பலருடைய சமூக வலைத்தளக் கணக்குகளைக் கண்டுபிடித்துக் காட்டினார். எவன்ஸ் செய்த அதே காரியம்தான். ஆனால் எவன்ஸின் பயணிகள் பெயரற்றவர்களாகவே இறங்கிப் போனார்கள், இவருடைய பயணிகளின் பெயரும் நட்பு வட்டமும் பொழுதுபோக்கும் சில நிமிடங்களில் வெளியே வந்தன. முகமறியும் கருவி எந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது என்று எச்சரிப்பதே அவர் நோக்கம். ‘யாரென்றே தெரியாத ஒருவரின் படம்தானே, அவருக்கு என்ன இழப்பு’ என்று நாம் இத்தனை காலம் சொல்லிவந்த சமாதானம் அந்த எச்சரிக்கையோடு செல்லாக்காசாகிவிட்டது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. கையடக்கக் கேமராவான கோடாக் 1888இல் விற்பனைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1890இல், சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்ற இரு அமெரிக்க வழக்கறிஞர்கள் அந்தரங்கத்துக்கான உரிமையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், நொடியில் எடுக்கப்படும் புகைப்படங்களையும் செய்தித்தாள்களையும் சேர்த்தே குற்றம் சாட்டினார்கள். அன்று தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை. ஜெர்மனியில் 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஒருவருடைய உருவப்படத்தைப் பரப்ப அவருடைய ஒப்புதல் வேண்டும் என்கிறது. கூட்டங்களுக்கும், காட்சியின் ஓரத்தில் தற்செயலாக வந்து விழுபவர்களுக்கும் விலக்கு அளிக்கிறது. கனடாவில், மாண்ட்ரியல் நகரக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பெண்ணைக் கேட்காமல் எடுத்த படம் ஓர் இதழில் வெளியாக, அவருக்கு இழப்பீடு வழங்கப்பட்டது சரியே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. எட்டு ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் நடந்தது இதற்கு நேர்மாறானது. டைம்ஸ் சதுக்கத்தில் மறைவாகப் பிளாஷ் விளக்குகளைப் பொருத்தி, தொலைவிலிருந்து வழிப்போக்கர்களின் முகங்களை எடுத்த புகைப்படக் கலைஞர் பிலிப்-லோர்கா டிகோர்சியா மீது, படத்திலிருந்த முதியவர் ஒருவர் தம் சமய நம்பிக்கைக்கு இது விரோதமானது என்று வழக்குத் தொடுத்தார். அந்தப் படம் கலை வெளிப்பாடு என்று கூறி, 2006இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. இரண்டு தீர்ப்புகளிலும் தர்க்கம் இருக்கிறது. ஒரே செயல் ஓரிடத்தில் தவறாகவும் மற்றோரிடத்தில் உரிமையாகவும் கருதப்படும்போது, அதைச் செய்பவர் சட்டப்புத்தகத்தை மட்டும் பார்த்து நடந்துகொள்ள இயலாது என்பதே என் எண்ணம்.

சரி, பேசினால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அது நகரத் தெருவில் நடந்ததன்று. கலிபோர்னியாவில் பண்ணைக் கூலிகள் தங்கியிருந்த முகாமில் 1936இல் நடந்தது. ஆனாலும் இங்கே பொருந்தும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரத்தியா லாங், பசியால் வாடிய ஒரு தாயைப் பிள்ளைகளோடு படம் எடுத்தார். சிறிது நேரம் பேசினார், வயதைத் தெரிந்துகொண்டார், பெயரைக் கேட்கவில்லை. அதை லாங்கே பிற்பாடு எழுதியிருக்கிறார். அந்தப் படம் ஒரு காலகட்டத்தின் வறுமைக்கே அடையாளமாகி, பாடநூல்களிலும் அஞ்சல் தலையிலும் ஏறியது. படத்திலிருந்த புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் யார் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அதுவும் அவர் பகுதி நாளிதழ் ஒன்றின் வழியாக. தம்மை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும், தம் பெயரைக் கேட்கவில்லை, பிரதி அனுப்புவதாகச் சொல்லி அனுப்பவும் இல்லை என்றும் அவர் குறைப்பட்டார். லாங் நல்லெண்ணம் இல்லாதவர் அல்லர். அந்தப் படங்கள் செய்தியானதும் முகாமுக்கு அரசின் உணவு போய்ச் சேர்ந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆயினும் நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு பெண்ணின் முகம் மட்டும் உலகத்துக்குத் தேவைப்பட்டது, பெயர் தேவைப்படவில்லை. ‘உழைப்பின் ரேகைகள்’ என்று நாம் தலைப்பிடும்போது செய்வதும், சிறிய அளவில், அதுதான்.

எனவே பேச்சு என்பது படத்துக்கான முன்பணமாக இருக்கக் கூடாது. அது தனக்கென ஒரு மதிப்புடையது. நகரத்தில் அறிமுகமற்றவரோடு பேசுவதையே பலரும் தயங்கித் தவிர்க்கிறோம். 1903இல் ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல், பெருநகரவாசியின் ஒதுக்கம் திமிரல்ல, ஓயாமல் வந்து மோதும் காட்சிகளிலிருந்தும் ஓசைகளிலிருந்தும் மனத்தைக் காத்துக்கொள்ளும் வழி என்று விளக்கினார். பின்னாளில் எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் இன்னும் நுட்பமாகக் கவனித்தார்: எதிரே வருபவரை ஒரு கணம் பார்த்து, பிறகு பார்வையை விலக்கிக்கொள்வது நகரத்தார் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் மரியாதை. கேமரா அந்த மரியாதையைத்தான் மீறுகிறது. விலக வேண்டிய பார்வை விலகாமல் நின்று, பதிவும் ஆகிவிடுகிறது. மீறியவர் ஒரு வணக்கம் சொல்லி, தாம் யார், ஏன் எடுக்கிறோம் என்று விளக்கினால் அந்த உறுத்தல் பெருமளவு தணியும்.

அப்படிப் போய்ப் பேசுவதற்கு நாம் அஞ்சும் அளவுக்கு மனிதர்கள் முகம் சுளிப்பவர்களும் அல்லர். நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் ஆகிய ஆய்வாளர்கள் சிகாகோ பகுதியில் தினமும் ரயிலிலும் பேருந்திலும் செல்வோரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டு போனால் பயணம் கசக்கும், தனியே இருந்தால்தான் இனிக்கும் என்று பயணிகள் முன்கூட்டியே கணித்தார்கள். உண்மையில் பேசச் சொல்லப்பட்டவர்களே பயணம் மகிழ்ச்சியாக இருந்ததாகக் கூறினார்கள். மற்றவருக்கு நம்மோடு பேச விருப்பமில்லை என்று ஒவ்வொருவரும் தவறாக எண்ணிக்கொண்டு, எல்லோரும் வாய்மூடி அமர்ந்திருக்கிறோம்.

பேச்சும் படமும் ஒன்றையொன்று கெடுக்காது என்பதற்கு, 2010இல் நியூயார்க்கில் புகைப்படக் கலைஞர் பிராண்டன் ஸ்டான்டன் தொடங்கிய ‘ஹியூமன்ஸ் ஆஃப் நியூயார்க்’ முயற்சியே சான்று. பத்தாயிரம் நகரவாசிகளின் முகங்களை எடுப்பது மட்டும்தான் அவருடைய முதல் திட்டம். உரையாடல் பிறகு வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தபின் மக்கள் தேடிப் படித்தது படங்களை மட்டுமல்ல, அவற்றின் கீழிருந்த பேச்சையும்தான். 2015இல் ஒரு பள்ளிச் சிறுவனிடம், உன்னை அதிகம் பாதித்தவர் யார் என்று அவர் கேட்க, அவன் தன் தலைமை ஆசிரியரைச் சொன்னான். அந்தச் சில வரிகளைப் படித்தவர்கள் அப்பள்ளி மாணவர்களுக்காகத் திரட்டிக் கொடுத்த தொகை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அந்தச் சிறுவனை யாரோ தொலைவிலிருந்து எடுத்து ‘நகரத்தின் நாளைய நம்பிக்கை’ என்று தலைப்பிட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர்களே யோசிக்கலாம். எனினும், ஒருவர் அரை மணி நேரம் மனம்விட்டுப் பேசியதிலிருந்து எந்த நான்கு வரிகளை எடுப்பது என்பது எழுதுபவர் கையில்தான் இருக்கிறது. கண்ணீர் வருவதை மட்டும் பொறுக்கி எடுக்கும் ஆசை இவ்வகை முயற்சிகளில் எங்கும் தலைகாட்டுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருவர் பேசும் எண்ணத்தோடு வீட்டிலிருந்து புறப்பட்டாரா என்பதை அவருடைய லென்ஸே சொல்லிவிடும். 35 மில்லிமீட்டர் லென்ஸில் ஒருவரை இடுப்பளவு எடுக்க வேண்டுமானால், ஒன்றரை மீட்டர் தொலைவுக்குப் போயாக வேண்டும். அது பேச்சுக் கேட்கும் தூரம், மறுக்கப்படக்கூடிய தூரமும்கூட. 200 மில்லிமீட்டர் லென்ஸ் அதே படத்தை எட்டு ஒன்பது மீட்டருக்கு அப்பாலிருந்து தந்துவிடும். அங்கே மறுப்பவரின் குரலும் எட்டாது. விலங்குகளைப் படம் எடுக்க நெடுந்தூர லென்ஸ் அவசியம். பேசத் தெரிந்த மனிதர்களிடம் அது எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கேட்கும்போதும் சில நுணுக்கங்கள் உண்டு. சிரித்தார் என்பதாலேயே சம்மதித்தார் என்று பொருளாகாது. சங்கடத்திலும் மனிதர்கள் சிரிப்பார்கள். எடுக்கச் சம்மதித்தவர் வெளியிடவும் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது. ‘நாளிதழில் வரும், இணையத்திலும் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள்’ என்று அவருக்குப் புரியும்படி சொல்லிக் கேட்பதே கேட்பது. கேமராவின் திரையில் படத்தைக் காட்டி, பிடிக்கவில்லை என்றால் அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடலாம். கையசைத்து மறுத்தால் காரணம் கேட்காமல் நகர்ந்துவிட வேண்டும். முன்பே கேட்டால் அந்தக் கணம் தப்பிவிடும் என்ற நிலையில், எடுத்துவிட்டுப் போய்க் கேட்பதைக்கூட நான் குறை கூற மாட்டேன். ஆனால் உறங்குபவர், நோயுற்றவர், போதையில் கிடப்பவர், தெருவோரத்தில் குடியிருப்பவர், பெரியவர் துணையில்லாத குழந்தை ஆகியோரிடம் இந்தச் சலுகையும் செல்லாது. அவர்களால் மறுக்க முடியாது, அல்லது மறுத்தாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. தெருப்படங்களில் இவர்களே இத்தனை பேர் இருப்பதும், விலையுயர்ந்த காரிலிருந்து இறங்குபவர்கள் அரிதாகவே இருப்பதும் தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். தனி முகம் பிரதானமாக உள்ள படத்தை அனுப்பும் வாசகர், அதிலிருப்பவருக்குப் படம் எடுத்ததும் அது அச்சாகப் போவதும் தெரியுமா என்பதை எழுதித் தர வேண்டும் என்று விதியுங்கள். அவர் விரும்பினால் அவருடைய பெயரை எடுத்தவரின் பெயருக்கு மேலே போடுங்கள். விரும்பாவிட்டால் பெயரை விட்டுவிடுங்கள். கவித்துவமான தலைப்புக்குப் பதிலாக, அவர் பேசியதில் ஒரு வரியை அச்சிடுங்கள். அச்சான பக்கத்தின் ஒரு பிரதி அவர் கைக்குப் போய்ச் சேரும் பொறுப்பை எடுத்தவரிடமே விடுங்கள். போராட்டம், விபத்து, பேரிடர் போன்ற செய்திப் படங்களில் இவற்றையெல்லாம் கடைப்பிடிக்க முடியாது என்பதை அறிவேன். அத்தகைய படங்களை வெளியிடுவது தங்கள் ஆசிரியர் குழுவின் முடிவு. ஆனால் வாசகர் பக்கத்துக்கு அந்த அவசரம் எதுவும் இல்லை. விதி வந்தபின் அந்தப் பக்கத்துக்கு வரும் படங்கள் சில மாதங்களுக்குக் குறையக்கூடும். அந்த இடத்தில் விளம்பரம் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்