இரும்புக்கரம் பற்றி நண்பனுக்கு

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எல்லோருக்கும் ஆறுதல். இங்கே நாங்கள் சுகம். மூத்தவளுக்குக் கந்தளாயில் ஆசிரியர் நியமனம் கிடைத்துவிட்டது. தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள்.

நீ எழுதிய ஒரு வரி மட்டும் மனத்தில் தைத்துக்கொண்டே இருக்கிறது. கொள்ளைநோய்க் காலத்துக்கு அப்போது ஜனாதிபதியாக இருந்த கோட்டாபய போன்ற இரும்புக்கரம்தான் சரி என்கிறாய். முதல் மாதங்களை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். 2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு வந்தது, இராணுவத் தளபதி தலைமையில் செயலணி அமைந்தது, ஜூன் முடிவில் நாடு முழுவதும் 11 மரணங்கள்தான். ஆனால் வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும். அந்தக் கட்டமைப்பு பல தலைமுறைகளாக வளர்ந்த இலவச மருத்துவத்தின் பலன். அதை ஒரு மனிதரின் கணக்கில் எழுதாதே.

மார்ச் 2ஆம் திகதி கலைத்த நாடாளுமன்றத்தை அவர் மீண்டும் கூட்டவில்லை. ஓகஸ்ட் தேர்தல் முடியும்வரை கேள்வி கேட்க ஒரு சபை இல்லை. என் கோபம் அங்கேதான் தொடங்குகிறது. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாதவர் யார் சொல்வதையும் கேட்கமாட்டார்.

நம்மோடு படித்த கிண்ணியா நண்பனை நினைத்துப் பார். அவன் தாயார் கொழும்பில் கொவிட்டில் இறந்தார். முஸ்லிம்கள் இறந்தவரைப் புதைப்பவர்கள். ஆனால் ஜனாஸாவை, அந்த உடலை, குடும்பத்திடம் தராமல் எரித்துவிட்டார்கள். நம் இருவருக்கும் எத்தனை பெருநாளில் சோறு போட்ட கை அது! புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்பதுதான் அரசு சொன்ன காரணம். புதைக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் முன்பே சொல்லியிருந்தது. 2020 டிசம்பரில் நம் நாட்டு நிபுணர் குழுவும் சொன்னது. பிறந்து இருபது நாளான குழந்தையைக்கூட எரித்தார்கள்.

2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிக்குப் போன பேரணி நம் ஊரைக் கடந்தபோது நானும் நடந்தேன். புதைக்க விடுங்கள் என்ற கோரிக்கையைத் தமிழர்களும் முஸ்லிம்களும் ஒன்றாகச் சுமந்தது எனக்குப் பெரிய ஆறுதல். அதே மாதம் 10ஆம் திகதி பிரதமர் புதைக்க அனுமதி உண்டு என்று சபையில் சொன்னார். மறுநாளே ஓர் இராஜாங்க அமைச்சர் இல்லை என்றார். அப்போதைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்துபோன பிறகுதான் புதைக்க அனுமதிக்கும் வர்த்தமானி வெளியானது. அப்போதும் புதைக்கும் இடத்தை வடக்கே இரணைதீவு மக்களின் தலையில் கட்டப் பார்த்து, எதிர்ப்பு எழுந்ததும் கிழக்கே ஓட்டமாவடிக்கு மாற்றினார்கள். 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடங்கியிருக்கிறார்கள், எல்லா மதத்தவரும்.

டெல்டா அலையிலும் இதே கதைதான். நாட்டை மூடுங்கள் என்று மருத்துவர்கள் கெஞ்சினார்கள். பௌத்த தலைமைப் பிக்குகளான மகாநாயக்க தேரர்கள் கடிதம் எழுதிய பிறகுதான் 2021 ஓகஸ்ட் 20இல் மூடினார்கள். அந்த மாத முடிவில் ஒரு நாளில் 200 பேருக்கு மேல் செத்தார்கள்.

உடல்களைக் கட்டாயமாக எரித்ததற்கு 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. கிண்ணியா நண்பனுக்கு அது போதவில்லை, எனக்கும் போதவில்லை. நிபுணர்கள் சொன்ன பிறகும் எரிக்கச் சொன்னது யார் என்று விசாரணை மன்றம் ஒன்றின் முன் கேட்கவேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறோம். அதற்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆங்கில வடிவத்தை நீ பார்த்துத் திருத்தித் தா.

மார்கழியில் வருவதாக எழுதியிருக்கிறாய். டிக்கெட் எடுத்ததும் திகதியை அறிவி.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்