செயலியின் சூடு: திரை காட்டும் எண்ணை நம்பலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் மின்விசிறி மட்டும் சுழலும் அறையில் பிற்பகலில் 31 பாகை செல்சியஸ் இருப்பது வழமை. அந்த அறையில் ஓடும் கணனியின் செயலி (சிபியு) 28 பாகையில் இருப்பதாக கோர் டெம்ப் போன்ற மென்பொருள் காட்டினால், அந்த எண் பிழை. காற்றால் குளிரும் செயலி அறைச் சூட்டுக்குக் கீழே இறங்கவே இறங்காது. ஆனால் பாவித்த டெஸ்க்டொப் வாங்கும் பலர் இதைப் பார்த்துத்தான் "நல்ல கூலா ஓடுது" என்று காசைக் கொடுக்கிறார்கள்.

இன்டெல் செயலிக்குள் இருக்கும் உணரி சூட்டை நேரடியாகச் சொல்வதில்லை. உச்ச வரம்பைத் தொட இன்னும் எத்தனை பாகை இருக்கிறது என்பதையே சொல்கிறது. அந்த வரம்பின் பெயர் டீஜே மெக்ஸ். வரம்பு 100, உணரி சொல்வது 62 என்றால் சூடு 38. மென்பொருள் வரம்பை 90 என்று எடுத்துக்கொண்டால் அதே 38 திரையில் 28 ஆகிவிடும். 2008 கடைசியில் வந்த முதலாவது கோர் ஐ7 தொடக்கம் இந்த வரம்பு செயலியிலேயே பதியப்பட்டிருக்கிறது. அதற்கு முந்திய கோர் 2 டுவோ டெஸ்க்டொப்களில் மென்பொருள் தன்னிடமுள்ள பட்டியலை வைத்தே கணக்குப் போடுகிறது. பிழை அதிகம் வருவது அங்கேதான்.

சரிபார்க்க, இரவு முழுக்க நிறுத்தி வைத்த கணனியின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். சாதாரண அறை வெப்பமானி ஒன்றை முன்பக்கம் காற்று நுழையும் இடத்தில் வையுங்கள். பெட்டியின் மேல் வைத்தால் உள்ளிருந்து வரும் சூட்டைத்தான் அது காட்டும். விண்டோஸில் பவர் பிளானை பலன்ஸ்டில் விட்டு, 20 நிமிடம் எந்த வேலையும் கொடுக்காதீர்கள். நல்ல கூலர் பூட்டிய செயலி அறையைவிட ஏறக்குறைய 5 முதல் 10 பாகை கூடுதலாக நிற்கும். பயோஸ் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரை) காட்டும் எண் இதற்கு உதவாது, அங்கே செயலி ஓய்வெடுப்பதில்லை.

பிறகு செயலிக்கு முழு வேலை கொடுக்கும் பிரைம் 95 மென்பொருளில் ஸ்மோல் எஃப்எஃப்டி சோதனையை 15 நிமிடம் ஓட்டுங்கள். செயலி சூட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்தால் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருள் அதைத் தனி வரியில் காட்டும். அந்தக் கணத்தில் திரையிலுள்ள சூடும் செயலியின் உண்மையான டீஜே மெக்ஸும் ஒன்றாக இருக்க வேண்டும். வரம்பு 100 ஆன செயலியில் திரை 90 காட்டும்போதே வேகம் குறைகிறது என்றால், மென்பொருளில் வரம்பு 10 குறைவாகப் பதியப்பட்டிருக்கிறது. இதைப் பார்ப்பதற்காகக் கூலர் விசிறியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

உச்ச வரம்பில் எண் பொருந்தி, ஓய்வில் மட்டும் பிசகினால் மென்பொருளிலுள்ள வரம்பை மாற்ற வேண்டாம். இந்த உணரிகள் உச்சத்துக்கு அருகில்தான் துல்லியம். சில கோர் 2 செயலிகளில் கீழே ஒரே எண்ணில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு வைத்தியம் இல்லை.

ஏஎம்டி ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் விசிறிக் கட்டுப்பாட்டுக்காக உண்மைச் சூட்டோடு 20 பாகை கூட்டிச் சொல்பவை. இது தெரியாத பழைய மென்பொருள் 45ஐ 65 என்று காட்டும். அதைப் பார்த்துப் புதுக் கூலர் வாங்குவது வீண்செலவு.

எங்களுக்குப் பெரிய கவலை, விற்பதற்கு முன் கோர் டெம்பின் ஓஃப்செட்டில் (காட்டும் எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ உள்ள அமைப்பில்) 10ஐக் கழித்து வைக்கும் பழக்கம். கோர் டெம்பின் அதிவெப்பப் பாதுகாப்பும் அந்தப் பொய் எண்ணையே பார்க்கிறது. 85 இல் எச்சரிக்க வைத்தால் உண்மையில் 95 வரும்வரை அது வாய் திறக்காது. காசு கொடுக்குமுன் அந்த இடத்தில் 0 இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

இங்ஙனம்,
கணனி திருத்துநர்கள் இருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.