நல்ல கல்லெல்லாம் ஆன்லைனுக்குப் போகிறதா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரமாக மதுரை மாசி வீதியில் இருக்கும் எங்கள் பாத்திரக் கடையைப் பற்றி ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "நல்ல தோசைக்கல்லையெல்லாம் ஆன்லைனுக்கு அனுப்பிவிட்டு, கழித்ததைக் கடையில் வைத்து உள்ளூர்க்காரர் தலையில் கட்டுகிறார்கள்" என்று ஒரு அம்மா அதில் பேசுகிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சீர் பாத்திரம் எடுத்துக் கொடுத்தது எங்கள் அப்பாதான், அதனால்தான் கேட்டதும் மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. நாலைந்து பேர் அதே பதிவை எனக்கே அனுப்பி "நிஜமா?" என்று கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் கல் எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். கோவையில் ஒரு பவுண்டரியில் இரும்பை உருக்கி வார்த்து, மாதம் இரண்டு தடவை லாரியில் வருகிறது. இறக்கின அன்றே ஒவ்வொரு கல்லையும் கைப்பிடியில் தூக்கிப் பிடித்துச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன். கணீரென்று கேட்டால் சரி, சத்தம் அமுங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் தரையில் வைத்து ஆடுகிறதா என்று பார்ப்பேன். கடைசியாக மேல் பக்கம் விரலால் தடவுவேன், வார்க்கும்போது காற்றுப் புகுந்த குழி இருந்தால் அதில் மாவு பிடித்துக்கொண்டு எத்தனை தோசை ஊற்றினாலும் அந்த இடம் கிழியும். இந்த மூன்றில் எது இருந்தாலும் அந்தக் கல் பவுண்டரிக்கே திரும்பிப் போகும். அவர்கள் உருக்கி மறுபடி வார்த்துக்கொள்வார்கள், எனக்கு லாரி வாடகை மட்டும்தான் நஷ்டம். அப்படி இருக்கும்போது கழித்த கல்லை உங்களிடம் விற்று எங்கள் தாத்தா காலத்துப் பெயரைக் கெடுத்துக்கொள்ள எனக்கு என்ன அவசியம்?

பின்னே ஏன் ஆன்லைன் கல்லும் கடைக் கல்லும் பார்க்க வேறு மாதிரி இருக்கின்றன? ஆன்லைனில் போகிற கல் வாங்குபவர் கைக்குப் போய்ச் சேர ஒரு வாரம்கூட ஆகும். மழைக்காலத்தில் குடோனில் கிடந்து துருப்பிடித்துவிடக் கூடாது என்று எண்ணெய் தடவிச் சூடு காட்டி அனுப்புகிறோம், அதனால் பளபளவென்று கறுப்பாக இருக்கிறது. கடையில் அடுக்கியிருப்பது எண்ணெய் படாமல் சாம்பல் நிறத்தில், கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும். மணல் அச்சில் வார்த்த இரும்பு அப்படித்தான் இருக்கும். அந்த அம்மாவின் மகள் சென்னையில் ஆன்லைனில் வாங்கினதும் அவர் இங்கே வாங்கினதும் ஒரே லோடு. வேண்டுமென்றால் இரண்டையும் கொண்டு வரச் சொல்லுங்கள், உங்கள் முன்னால் தட்டிக் காட்டுகிறேன். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன், தீபாவளிக்கு முன்னால் வந்த லோடில் ஆன்லைன் ஆர்டருக்கு எண்ணி எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் கடைக்குக் கொண்டு வந்தோம். குறித்த நாளில் அனுப்பாவிட்டால் ஆன்லைன் தளத்தில் எங்கள் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம். அந்த இரண்டு மூன்று நாள் வந்தவர்களுக்கு 12 அங்குலக் கல் கிடைக்கவில்லை. அது எங்கள் தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விலை, ஆன்லைனில் மலிவாகக் கொடுக்கிறோம் என்கிற பேச்சு. கடையில் 950 ரூபாய்க்கு விற்கிற கல் ஆன்லைனில் 899-க்குப் போனது உண்மை, தள்ளுபடி நடந்த ஐந்து நாள் மட்டும். மற்ற நாட்களில் அங்கே 1,249, அதை யாரும் படம் எடுத்து அனுப்பவில்லை. அந்த 899-ல் 5 சதவீத ஜிஎஸ்டி, தளத்துக்குக் கமிஷன், நாலு கிலோ எடைக்கு அனுப்பு கூலி, அந்தக் கமிஷனுக்கும் கூலிக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி, அட்டைப்பெட்டி எல்லாம் போக எங்களுக்குக் கொள்முதல் விலைகூட வரவில்லை, கல்லுக்கு நூறு ரூபாய் போலக் கையைக் கடித்தது. தள்ளுபடி நாட்களில் சேராவிட்டால் நம் பொருள் பத்தாம் பக்கத்துக்குப் போய்விடும், அங்கே யாரும் தேட மாட்டார்கள் என்பதால்தான் சேர்ந்தோம். 2025 செப்டம்பர் 22-ல் பாத்திரங்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 ஆனபோது அன்று காலையே கடையில் விலையைக் குறைத்தோம், அதை யாராவது குழுவில் போட்டார்களா என்று தெரியவில்லை.

"உங்களுக்கு எதற்கு ஆன்லைன், மாசி வீதியில் கூட்டம் இல்லையா?" என்று கேட்கிறார்கள். கூட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு தோசைக்கல்லை ஒழுங்காகப் புழங்கினால் முப்பது வருஷம் வரும், உங்களில் பலர் வீட்டில் தாத்தா விற்ற கல்லே இன்னும் ஓடுகிறது. புடவைக்கடை, மளிகைக்கடை மாதிரி மாதா மாதம் யாரும் எங்களிடம் வர வேண்டியதில்லை. ஒரே ஊரை நம்பி இந்த வியாபாரம் எத்தனை நாள் ஓடும்? இதற்கு நடுவில் நான்ஸ்டிக் வந்து பாதிப் பேரைக் கொண்டுபோனது. இப்போது இரும்புக்குத் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பெங்களூரிலும் புனேயிலும் அடுக்குமாடியில் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் வார்ப்புக் கல் விற்கிற கடை இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, ஜூன் கடைசியில் மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு போட்டபோது, வாடகையும் கூலியும் மட்டும் நிற்கவில்லை. அப்போது பழைய வாடிக்கையாளர் ஒருவரின் மருமகள் பெங்களூரிலிருந்து பணியாரக்கல் கேட்டு வாட்ஸ்அப் அனுப்பினார், பார்சல் ஓட ஆரம்பித்ததும் அனுப்பி வைத்தோம். அவர் சொல்லி இன்னும் பதினோரு பேர் கேட்டார்கள். இப்படித்தான் ஆரம்பித்தது, பெரிய திட்டம் எதுவும் இல்லை.

அதில் சுகமும் அதிகம் இல்லை. மாக்கல்லில் குடைந்த கல்சட்டியை உடையாமல் அனுப்பச் சுற்றிலும் பஞ்சு வைத்துப் பெட்டி பெரிதாகிவிடும், கூரியரில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதை எடையாக எடுத்துக்கொள்கிறார்கள். 35 சென்டிமீட்டர் நீள அகலமும் 30 உயரமும் உள்ள பெட்டிக்குக் கிட்டத்தட்ட ஏழரை கிலோவுக்குக் கூலி, உள்ளே இருக்கும் சட்டியோ நாலு கிலோ. ஒருவர் புதுக் கல்லை வாங்கிக்கொண்டு, துருப்பிடித்த பழைய கல்லைப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பினார், பணமும் அவருக்கே போனது. உங்களிடம் விற்கும்போது இந்தக் கவலை ஒருநாளும் எங்களுக்கு இருந்ததில்லை.

ஸ்மார்ட் சிட்டி வேலைக்காக வீதியைத் தோண்டிப் போட்டிருந்த காலத்திலும் பலகை மேல் நடந்து வந்து வாங்கினவர்கள் நீங்கள். தேரோட்டத்துக்கு வந்தால் கடைத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, ஒரு ஆப்பச்சட்டியாவது எடுத்துக்கொண்டு போகிறீர்கள். அப்பா இறந்தபோது கடை முன்னால் நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் எனக்குப் பெயர் தெரியாத வாடிக்கையாளர்கள். எந்தத் தளத்தில் எத்தனை நட்சத்திரம் வாங்கினாலும் எனக்கு அதற்கு ஈடாகாது. கடையில் புதுக் கல்லைத் தோசை ஒட்டாமல் வரும்படி பழக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா ஊருக்குப் போய்விட்டதால் அந்த வேலையை இப்போதைக்கு எடுப்பதில்லை. வீட்டிலேயே கல்லை வடிகஞ்சியில் மூன்று நாள் ஊறப்போட்டு, நல்லெண்ணெய் தடவிப் பாதி வெங்காயத்தால் தேய்த்துப் பழக்கினால் நாலாம் நாள் தோசை எழும்பும், சந்தேகம் என்றால் போன் பண்ணுங்கள், பக்குவம் சொல்கிறேன்.

புது லோடு வந்ததும் முதல் இருபது கல் இனிமேல் கடைக்குத்தான் ஒதுக்குவோம், ஆர்டர் எவ்வளவு இருந்தாலும் சரி. இந்த வருஷம் எங்களிடம் வாங்கின கல்லில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் பொங்கலுக்குள் கொண்டு வாருங்கள், பில் தேவையில்லை, எங்கள் கல்லை நான் அடையாளம் கண்டுகொள்வேன். கீறலோ குழியோ இருந்தால் அங்கேயே வேறு கல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பாத்திரக் கடைக்காரர்,
மாசி வீதி, மதுரை