நீ அனுப்பிய ஜிம்மி காரிகன்

அன்புள்ள சேகர்,

பார்சலும் உன் கடிதமும் வந்து சேர்ந்தன. வீட்டில் எல்லாரும் சௌக்கியம். மூட்டுவலி முன்னைக்குப் பரவாயில்லை. மகனுக்கு மதுரைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது, அதனால் பேத்தி ராஜ்ஜியம்தான்.

அமெரிக்க ஓவியர் கிறிஸ் வேர் எழுதி வரைந்த அந்த 'ஜிம்மி காரிகன்' படக்கதை நாவலை முடித்துவிட்டேன். பாதி பிடித்தது, பாதி படுத்தியது. முதலில் படுத்தியதைச் சொல்கிறேன். அந்தப் பொடி எழுத்துக்கு என் கண்ணாடி போதவில்லை, பூதக்கண்ணாடி தேட வேண்டியதாயிற்று. சரி, அதை விடு. ஜிம்மிக்கு 36 வயது. கண்டே இராத அப்பா கூப்பிட்டார் என்று சிகாகோவிலிருந்து மிச்சிகன் போகிறான். போனவன் வாயைத் திறக்க வேண்டாமா? பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. அப்பா பாவம், காலைச் சாப்பாட்டில் பன்றிக்கறித் துண்டுகளை 'ஹாய்' என்று எழுத்தாக அடுக்கிவைத்து அசடு வழிகிறார். இருவருக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சொல்ல அந்த ஒரு கட்டம் போதும். வேர் அதற்கப்புறமும் பக்கம் பக்கமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜிம்மியின் தாத்தாவின் சிறுவயதுக் கதை வந்த பிறகுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1893 சிகாகோ கண்காட்சி. (ராமநாதபுரம் சேதுபதி விவேகானந்தரைப் போகச் சொல்லி ஊக்கினாரே, அந்தச் சர்வமத சபையும் இந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்ததுதான்.) தாயில்லாப் பிள்ளையை அந்தப் பிரம்மாண்டக் கட்டடத்தின் உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கேயே விட்டுவிட்டுப் போகிறானே ஒரு தகப்பன்! அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. மிச்சிகன் அப்பா செத்தபோதுகூட இவ்வளவு உறைக்கவில்லை.

ஏமியைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லையே, ஏன்? அப்பா தத்தெடுத்து வளர்த்த கறுப்பினப் பெண். அவளுக்கும் ஜிம்மிக்கும் ரத்த உறவு உண்டு என்பதை வேர் வசனமில்லாத ஒரு வம்சாவளிப் படத்தில் வைத்திருக்கிறார். கடைசிவரை அவர்கள் இருவருக்கும் அது தெரியாது. ஆஸ்பத்திரியில் ஜிம்மி ஆறுதலாகக் கையைப் பிடிக்க, அவள் தள்ளிவிடுகிறாள். படம் வரைந்து சொன்னால்தான் இந்தக் கொடுமை இப்படி விழும்.

பின்னுரையில் வேர் தன் சொந்த அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறார். கதை தொடங்கிய பிறகுதான் அவர் போன் செய்தாராம். ஒரே ஒருமுறை சந்தித்திருக்கிறார்கள், புத்தகம் முடியுமுன் அவர் இறந்துவிட்டார். இதைப் படிக்க ஆகும் நாலைந்து மணி நேரம்தான் அப்பாவோடு தனக்கு வாய்த்த மொத்த நேரமும் என்கிறார். அதனால் ஜிம்மியின் அந்த மௌனம் நியாயம்தான் என்பது உன் கட்சி. கிடைத்ததே அவ்வளவு கொஞ்சம் என்றால், அதில் பாதியை மௌனத்துக்கு எழுதிக்கொடுக்க எனக்கு மனசு வராது. நேரில் சண்டை போடலாம்.

நடுவில் வரும், கத்தரித்து ஒட்டச் சொல்லும் காகித பொம்மைகளை நான் தொடவில்லை. ஆனால் பேத்தி கத்தரிக்கோலோடு சுற்றுகிறாள், பீரோ மேலே வைத்திருக்கிறேன். சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது கையோடு எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
முருகேசன்