கோவை வட்டாரப் பட்டறைகளுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் ஒரு பல் மருத்துவரின் திறந்த மடல்

வணக்கமுங்க.

பல்லடம் பக்கம் பல் மருத்துவம் பார்க்கிறேன். பாக்கையும் புகையிலையையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தறி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைத் திட்டு தெரிந்தால், அது புற்றுநோயின் தொடக்கமா என்று பார்க்க, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்வேன். "கத்தியெல்லாம் வெக்காதீங்க டாக்டர், களிம்பு ஏதாச்சும் குடுங்க" என்று எழுந்து போய்விடுவார்கள். சிலர் திரும்பி வரும்போது திட்டு புண்ணாகியிருக்கும்.

கத்தி வைக்காமலே, கண்ணாடி இழைகள் வழியாக உடல் செல்லைப் பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதை நம் ஊரிலேயே செய்யலாமா என்று கேட்கத்தான் இந்த மடல். கண்ணாடி இழைக் கட்டு வழியாகப் படத்தைக் கடத்த முடியும் என்று பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி லண்டனில் செய்து காட்டி, 1954-இல் கட்டுரையும் எழுதினார். இன்று ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் சுமார் 30,000 இழைகளை அடக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு இழையும் படத்தில் ஒரு புள்ளி. திட்டின் மேல் புரோஃபிளேவின் என்ற மஞ்சள் சாயத்தைத் தடவி, இழை முனையை வைத்து நீல ஒளியைச் செலுத்தினால் செல்களுக்குள் இருக்கும் உட்கருக்கள் ஒளிரும். அந்த நொடியே திரையில் தெரியும். நல்ல சதையில் கருக்கள் சிறிதாக, இடைவெளி விட்டு இருக்கும். கெட ஆரம்பித்த இடத்தில் பெருத்து நெருக்கியடிக்கும்.

மேல்தோல் அளவுக்குத்தான் இது பார்க்கும். ஆழத்தில் இருப்பது தெரியாது, சதைப் பரிசோதனைக்கு மாற்றும் அல்ல. ஆனால் எங்கே எடுப்பது என்று காட்டும். நோயாளியும் தன் வாயைத் தானே திரையில் பார்த்தால் சம்மதிப்பார் என்று நம்புகிறேன்.

அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டம் குழு இதை எல்.இ.டி. விளக்கு, சாதாரண கேமரா வைத்தே மலிவாகச் செய்தது. பம்பும் மோட்டாரும் செய்கிற ஊருக்கு இது முடியாதா? இழைக் கட்டை வெளியே வாங்கலாம். லென்ஸ் தாங்கி, பெட்டி, கைப்பிடி எல்லாம் கணினி வைத்து உலோகம் கடையும் நம் சி.என்.சி. பட்டறைகளில் ஆகிற வேலை. கல்லூரிகளே, கடைசி வருடத்து மாணவர்கள் விலைக்கு வாங்கி ஒப்படைக்கும் புராஜெக்ட்டுகளை நிறுத்திவிட்டு, இதன் மென்பொருளை எழுதும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். சாயத்துக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதியும், நெறிமுறைக் குழு ஒப்புதலும் வாங்கித்தான் நோயாளியிடம் போக வேண்டும். அந்த அலைச்சலில் நானும் கூட வருகிறேன்.

அப்புறம், கைப்பிடியை முதலில் யோசியுங்கள். பாக்குப் போட்டு வாய் இறுகியவர்களுக்கு இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காது. ஒல்லியாக, முனை வளைந்து, ஒவ்வொருவருக்கும் பிறகு கிருமி நீக்கம் செய்யத் தோதாக இருக்க வேண்டும்.