படிச்சவங்க மயங்க மாட்டாங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தாரு, விளம்பரத்தைப் பார்த்து ஏமாறுறது எல்லாம் விவரம் தெரியாதவங்கதான், நாலு எழுத்து படிச்சவன் எவனும் அதை சீரியஸா எடுத்துக்கறது இல்லன்னு. அவர் மேல கோபம் எல்லாம் இல்ல. ஆனா இந்த நினைப்பு இருக்கு பாருங்க, இதை நம்பித்தான் அந்தத் தொழில்ல பாதி ஓடுது, அதைச் சொல்லத்தான் எழுதுறேன், நீளமாப் போனா வெட்டிக்கோங்க.

"மத்தவங்க மயங்குவாங்க, என்கிட்ட இதெல்லாம் பலிக்காது"ன்னு மனுசன் நினைக்கிறதுக்கு ஆராய்ச்சியில பேரே வச்சிருக்காங்க, மூணாம் நபர் விளைவுன்னு. டேவிசன்னு ஒரு அமெரிக்க சமூகவியல்காரர் 1983-லயே இதை எழுதிட்டாரு. பக்கத்து வீட்டுக்காரன் ஏமாளி, நான் உஷார். பக்கத்து வீட்டுக்காரரும் நம்மளைப் பத்தி இதையேதான் நினைச்சுக்கிட்டு இருப்பாரு.

சரி, படிப்பாவது காப்பாத்துமான்னு பார்த்தா அதுவும் நாம நினைக்கிற அளவு இல்ல. 1977-ல அமெரிக்கால மூணு ஆய்வாளர்கள் காலேஜ் பசங்ககிட்ட பொது அறிவு டைப்ல கொஞ்சம் வாக்கியங்களைக் கொடுத்து இது எந்த அளவுக்கு உண்மையா இருக்கும்னு மார்க் போடச் சொன்னாங்க, ரெண்டு வாரம் விட்டு ரெண்டு வாரம்னு மூணு தடவை, அதுல சில வாக்கியம் மட்டும் மூணு தடவையும் திரும்ப வரும். உண்மையோ பொய்யோ, திரும்ப வந்த வாக்கியத்துக்கு மார்க் ஏறிக்கிட்டே போச்சு. 2015-ல வந்த இன்னொரு ஆய்வு இன்னும் மோசம், சரியான பதில் தெரிஞ்ச விஷயத்துலயே கூட இது நடக்குதாம். அதாவது தெரிஞ்சிருந்தாலும், காதுல திரும்பத் திரும்ப விழுந்தா மனசு லேசா அந்தப் பக்கம் சாயுது. ஒரே ஆட் ஒரே நாள்ல ஏன் இத்தனை தடவை வருதுன்னு எரிச்சல் படுறோம்ல, அந்த எரிச்சலைப் பத்தி அவங்களுக்குக் கவலை இல்ல, பேரு பதிஞ்சா போதும்.

அடுத்தது, விளம்பரம்னா பொய், பொய் சொன்னா கேஸ் போட்டுடலாம்னு ஒரு நினைப்பு. பொய் சொல்றவன் கத்துக்குட்டிங்க. கெட்டிக்காரன் பொய்யே சொல்றது இல்ல. 1946-ல கேமல் சிகரெட்காரங்க ஒரு விளம்பரம் போட்டாங்க, மத்த சிகரெட்டை விட கேமலைத்தான் அதிக டாக்டருங்க பிடிக்கிறாங்கன்னு, வெள்ளை கோட் போட்ட ஆளு படத்தோட. அதுல எங்கயாவது "இது உடம்புக்கு நல்லது"ன்னு சொல்லியிருக்காங்களா? அந்த வரியில இல்லவே இல்ல. நல்லதுன்னு முடிவு பண்ணது அந்த விளம்பரத்தைப் படிச்சவனோட மனசு. நம்ம மனசு சொன்னதுக்கு அவன் மேல எப்படிக் கேஸ் போடுறது? இன்னைக்கு "50% வரை தள்ளுபடி"ங்கிறதும், முடி கொட்டுறதைக் குறைக்க "உதவும்"ங்கிறதும் இதே கணக்குதான், சட்டத்துல பிடிச்சு உலுக்குறது அவ்வளவு சுலபம் இல்ல.

அப்படியே பொய்னு நிரூபிச்சாலும் எவ்வளவு காலம் ஆகுது தெரியுமா. லிஸ்டரின் வாய் கொப்பளிக்கிற மருந்து, சளிக்கும் தொண்டை வலிக்கும் நல்லதுன்னு 1921-ல ஆரம்பிச்சு அம்பது வருசத்துக்கு மேல சொல்லிக்கிட்டே வந்துச்சு. 1975-லதான் அமெரிக்க வர்த்தக ஆணையம், சளியைத் தடுக்க இது உதவாதுன்னு உன் விளம்பரத்துலயே நீ போடணும், அடுத்த ஒரு கோடி டாலர் செலவாகுற வரைக்கும் போடணும்னு உத்தரவு போட்டுச்சு. கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு. 1977-ல கோர்ட் உத்தரவை ஏத்துக்கிச்சு, ஆனா "முன்னாடி விளம்பரத்துல சொன்னதுக்கு மாறாக"ன்னு ஆணையம் சேர்க்கச் சொன்ன வார்த்தைகளை மட்டும் எடுத்துடலாம்னு சொல்லிடுச்சு. அம்பது வருசம் கேட்டு வளர்ந்த தலைமுறையோட மண்டையில இருந்து அதை யார் எடுக்கிறது, அதுக்கு எந்த கோர்ட்லயும் வழி இல்ல.

இந்த வித்தை எல்லாம் புதுசும் இல்ல. 1937-லயே அமெரிக்கால பிரச்சாரத்தை ஆராயுறதுக்குன்னு ஒரு நிறுவனம் ஆரம்பிச்சு ஏழு வித்தைன்னு பட்டியல் போட்டு ஸ்கூல் பசங்களுக்குப் பாடமாக் கொண்டு போனாங்க. பிரபலத்தைக் கூட்டிட்டு வந்து சொல்ல வைக்கிறது, எல்லாரும் வாங்கிட்டாங்க நீ மட்டும்தான் பாக்கிங்கிறது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எனக்கு அதுல பயமா இருக்கிறது "நானும் உங்கள்ல ஒருத்தன்"ங்கிற வித்தை. பெரிய நடிகர் வந்து சொன்னா காசு வாங்கிட்டுத்தான் சொல்றாருன்னு நமக்கே தெரியும். ஆனா கலைஞ்ச தலையோட வீட்டு பெட்ரூம்ல உக்காந்து, போன் கேமரா ஆடிக்கிட்டே, "ஃப்ரெண்ட்ஸ், இதை யாரும் எனக்கு ஸ்பான்சர் பண்ணல, நானே யூஸ் பண்ணிப் பார்த்தேன்"னு ஒருத்தர் சொன்னா நம்ம காவல் இறங்கிடுது. அந்த ஆட்டமும் சில நேரம் பிளான் பண்ணி ஆடுறதுதான். ஷாப்பிங் ஆப்ல வர்ற "இன்னும் 2 மட்டுமே இருக்கு", குறைஞ்சுகிட்டே வர்ற டைமர், ஆஃபர் வேணாம்னு அமுக்கப் போனா "வேண்டாம், எனக்குப் பணம் மிச்சம் பண்ண விருப்பமில்லை"ன்னு எழுதியிருக்கிற பட்டன், இதையெல்லாம் பார்த்தா சிரிப்புதான் வருது. பக்கத்தை மூடித் திறந்தா சில இடத்துல டைமர் மறுபடி முதல்ல இருந்து ஓடும், அவ்வளவுதான் அதோட அவசரம்.

இப்போ உங்க பக்கம், அதாவது பேப்பர் பக்கம் வர்றேன். 1929 ஈஸ்டர் அன்னைக்கு நியூயார்க் ஐந்தாவது அவென்யூல சில பெண்கள் பொது இடத்துல சிகரெட் பத்த வச்சுக்கிட்டு ஊர்வலத்தோட நடந்தாங்க, சுதந்திர தீப்பந்தம்னு அதுக்குப் பேரு வேற. அதை ஏற்பாடு பண்ணது எட்வர்ட் பெர்னேஸ், உளவியல் மேதை ஃபிராய்டோட தங்கச்சி பையன், அவருக்குக் காசு கொடுத்தது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. நடந்தவங்கள்ல அவரோட செக்ரட்டரியும் ஒருத்தங்க. மறுநாள் பேப்பர்ல இது விளம்பரமா வரல, செய்தியா வந்துச்சு. பெண்ணுரிமைங்கிற நியாயமான ஆசை மேல சிகரெட்டை ஏத்தி வச்சாங்க, அந்தச் செய்தியைப் படிச்சவங்களுக்கு, இதுக்குப் பின்னாடி யார் இருக்காங்கன்னு தெரியல. இதுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க, பேப்பர் வாங்கிப் படிச்சவங்கதானே இதுல மாட்டினது.

அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன். பேப்பரோட நடுவுல "சிறப்புப் பக்கம்"னு வருது, செய்தி மாதிரியே எழுத்து, அதே பத்தி அகலம், அதே மாதிரி தலைப்பு, பேட்டி, டாக்டர் போட்டோ எல்லாம் இருக்கு, கீழ மூலையில பூதக்கண்ணாடி வச்சாத் தெரியுற சைஸ்ல "விளம்பரம்". சட்டப்படி போட்டாச்சு, ஒத்துக்கறேன். ஆனா விளம்பரம்னு தெரிஞ்சு படிக்கிறப்போ நாம கொஞ்சம் சந்தேகத்தோட படிப்போம், செய்தின்னு நினைச்சா அந்தச் சந்தேகத்தைக் கழட்டி வச்சுட்டுப் படிப்போம், அந்த வித்தியாசத்துக்குத்தானே அந்தக் கம்பெனி உங்களுக்குக் காசு தருது? விளம்பரமே வேணாம்னு சொல்லல, அது இல்லாம பேப்பர் ஓடாதுன்னு எனக்கும் புரியுது. அந்த வார்த்தையை தலைப்போட சைஸ்ல, பக்கத்தோட உச்சியில போடுங்க. எழுத்தும் செய்தி எழுத்தா இல்லாம வேற எழுத்தா இருக்கட்டும். அப்புறம் அந்தப் பக்கத்தை எழுதுறது உங்க நிருபரா, விளம்பரப் பிரிவா, இல்ல கம்பெனியே எழுதி அனுப்புறதான்னும் இந்தப் பகுதியிலயே ஒரு பதில் போட்டீங்கன்னா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
தினமும் பேப்பர் படிக்கிற ஒரு வாசகர்